அட்டைக்குத் தலை எந்தப் பக்கம்? பதுளை மாவட்ட உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பிள்ளைகளே,

பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை என்று ஊவாவின் தோட்டங்களில் இருந்து உயர்தரத்துக்கு உயிரியல் படிக்க வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு நான் டீச்சர். மற்றவர்களுக்கு, உங்களைப் போலவே லயத்தில் பிறந்து, கொழுந்து எடுத்த அம்மாவின் சம்பளத்தில் படித்த ஒருத்தி. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நான் முழுதாகச் சொல்லாமல் விட்ட பதில் ஒன்று கடனாக நிற்கிறது. அதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கார்த்திகை மழை நாள். மலைக் குறுக்குப் பாதையால் நடந்து வந்த அந்தப் பிள்ளையின் காலுறைக்குள் அட்டை. அவள் அலறவில்லை, நம் பிள்ளைகள் அட்டைக்கு அலறுவதில்லை. மெதுவாகக் கழற்றி ஒரு கிளாசுக்குள் போட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தாள். இன்னும் இரத்தம் குடிக்காத அட்டை, தையல் நூல் தடிப்பம்தான். ஒரு முனையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு மற்ற முனையை நீட்டி நீட்டிக் காற்றைத் துழாவியது. பிறகு அந்த முனையை ஒட்டி, பின்முனையை இழுத்து, வளைந்து, மறுபடியும் ஊன்றியது. "டீச்சர், இதுக்குத் தலை எந்தப் பக்கம்? ரெண்டு முனையும்தானே ஒட்டுது?" என்றாள். பெரிய உறிஞ்சி பின்னால், சிறிய உறிஞ்சி முன்னால், வாய் அதற்குள், அதன் மேலே 5 சோடிக் கண்கள் என்று சொன்னேன். அவள் விடவில்லை. "அது சரி டீச்சர். முட்டைக்குள்ள இருக்கிறப்ப, இந்த முனைதான் தலைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மணி அடித்துவிட்டது. அடுத்த பாடவேளையில் நான் விலங்குக் கணங்களின் அட்டவணைக்குப் போய்விட்டேன். நிடாரியா ஆரைச் சமச்சீர், அனலிடா இருபக்கச் சமச்சீர் என்று நீங்கள் எல்லோரும் மனனம் செய்யும் அதே அட்டவணை. உடல் எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். அந்த உடலுக்கு முன்னும் பின்னும், முதுகும் வயிறும் எங்கிருந்து வந்தன என்று சொல்லாது. அந்தப் பிள்ளை கேட்டது அதைத்தான்.

முதலில் ஒரு லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு காம்பரா, ஒரே வரிசை. முதல் காம்பராவில் கருவாடு பொரிக்கிறார்கள். கண்ணைக் கட்டி உங்களை ஏதோ ஒரு வாசலில் நிறுத்தினாலும், மூக்கை வைத்தே முதல் காம்பராவுக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறோம் என்று சொல்லிவிடுவீர்கள். இலக்கம் எழுதி ஒட்டத் தேவையில்லை, மணத்தின் கனமே இலக்கம். முளையத்தில் இருக்கும் கலம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஒரு முனையில் உள்ள கலங்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. தூரம் போகப் போக அதன் செறிவு குறைகிறது. ஒவ்வொரு கலமும் தனக்கு எட்டிய செறிவுக்கு ஏற்ப வேறு வேறு பரம்பரையலகுகளை இயக்குகிறது. 1969இல் லூயிஸ் வோல்பர்ட் என்ற பிரித்தானிய உயிரியலாளர், கலம் தன் இடத்தை அறிவது எப்படி என்பதற்கு இப்படி ஒரு கோட்பாட்டை வைத்தார். அந்த மணம் எந்தப் பொருள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பின்னர் தெரியவந்த அப்படிப்பட்ட பொருள் ஒன்றின் பெயருக்குள் தில்லி இருக்கிறது. 1973இல் தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். பி. சர்மா, சிறகில்லாத பழ ஈ ஒன்றின் விகாரத்தைப் பற்றி அறிவித்தார். சில ஈக்களுக்கு ஒரு சிறகு இல்லை, சிலவற்றுக்கு இரண்டும் இல்லை. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் நெஞ்சின் முதுகுப்பகுதி இன்னொரு தடவை, கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி உருவாகியிருந்தது. 1976இல் சர்மாவும் வி. எல். சோப்ராவும் இதை விரிவாக எழுதினார்கள். சிறகு "வராமல் போனது" என்பதைவிட, அந்தக் கலங்களுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போனது என்பதே பொருத்தம். 1982இல் அமெரிக்காவில் ரூல் நுஸ்ஸும் ஹரால்ட் வார்மஸும் சுண்டெலியின் மார்புப் புற்றுநோயில் இன்ட்-1 என்ற பரம்பரையலகைக் கண்டுபிடித்தார்கள். ஈயும் எலியும் இரண்டு தனிக் கதைகள். 1987இல்தான் இரண்டும் ஒரே பரம்பரையலகின் இரு வடிவங்கள் என்று தெரிந்தது. சிறகற்ற ஈயின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தையும் இன்ட் என்பதையும் ஒட்டவைத்து இந்தப் புரதக் குடும்பத்துக்கு வின்ட் என்று பெயர் வைத்தார்கள். தேயிலைக்கும் நெல்லுக்கும் வேலை செய்யும் நிறுவனங்களைப் போன்ற ஒரு வேளாண் நிறுவனத்தில், ஒரு சின்ன ஈயை உற்றுப் பார்த்ததில் தொடங்கிய பெயர் இது. பிள்ளைகளே, அதை மறந்துவிடாதீர்கள்.

வின்ட் வேலை செய்யும் விதம் அழகானது. ஒவ்வொரு கலமும் பீற்றா கற்றெனின் என்ற புரதத்தைச் செய்துகொண்டே இருக்கிறது, அதை உடனுக்குடன் அழித்துக்கொண்டும் இருக்கிறது. வெளியிலிருந்து வின்ட் வந்து கலமென்சவ்விலுள்ள வாங்கியில் பொருந்தினால் அந்த அழிப்பு நின்றுபோகும். பீற்றா கற்றெனின் சேர்ந்து, கருவுக்குள் போய், பரம்பரையலகுகளை இயக்கும். இவ்வளவுதான். 1989இல் மக்மேகனும் மூனும் எலியின் இன்ட்-1க்குரிய ஆர்.என்.ஏ.யைத் தவளையின் முளையத்துக்குள் செலுத்தினார்கள். ஒரு முளையத்தில் இரண்டு உடலச்சுகள் வந்தன. எலியின் சொல்லைத் தவளை விளங்கிக்கொண்டது.

ஆனால் உடலச்சை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டவைக்கலாம் என்று முதலில் காட்டியது ஐதராவில், ஒரு பெண். 1909இல் எத்தெல் பிரவுண் ஓர் ஐதராவின் வாய்ப்பகுதியிலிருந்து சிறு துண்டை வெட்டி, இன்னொரு ஐதராவின் உடலில் ஒட்டினார். அந்த இடத்தில் புதிதாக ஓர் உடல், தன் பரிசக்கொம்புகளோடு வளர்ந்தது. பச்சை ஐதராவையும் நிறமற்ற ஐதராவையும் கலந்து செய்ததால், புதிய உடலில் எந்தப் பகுதி யாருடையது என்பதையும் அவரால் காட்ட முடிந்தது. ஒட்டிய துண்டு, சுற்றியிருந்த அந்நியக் கலங்களைத் தன்னைச் சுற்றித் திரட்டி உடலாக்கியிருந்தது. இதே செய்தியைப் பல்லியின் சாயலுள்ள நியூட் என்ற ஈரூடகவாழியில் ஹான்ஸ் ஸ்பேமானும் ஹில்டே மாங்கோல்டும் 1924இல் காட்டினார்கள். அது பதுளைக்கு ரயில் பாதை வந்து சேர்ந்த வருடம். நோபல் பரிசு 1935இல் ஸ்பேமானுக்கு. அந்த நுண்ணிய வெட்டுகளைச் செய்த மாங்கோல்ட் 1924லேயே ஒரு விபத்தில் இறந்துவிட்டார், அப்போது வயது 25. இந்த இரண்டு பெண்களின் பெயரையும் உங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். 2000இல் தோமஸ் ஹோல்ஸ்டைனின் குழு ஐதராவின் வாய் நுனியில் வின்ட் இயங்குவதைக் காட்டியபோது, பிரவுண் வெட்டி எடுத்த துண்டுக்குள் என்ன இருந்தது என்பதும் தெரிந்தது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். மழைக்குப் பிறகு உக்கிய மரக்கட்டையையோ சாடியையோ புரட்டினால், வழுவழுப்பான நீண்ட புழு ஒன்று சில நேரம் இருக்கும். தலை விசிறி மாதிரி அகன்றிருக்கும், முதுகில் கோடுகள் ஓடும். மண்புழுவின் வளையங்கள் இருக்காது. அது நிலவாழ் தட்டைப்புழு. அறிவியலில் பைபாலியம் என்ற சாதியைச் சேர்ந்தது. 1871 டிசம்பர் 12இல் வந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க இலங்கைக்கு வந்த குழுவில் ஹென்றி நொட்டிஜ் மோஸ்லி என்ற இளம் இயற்கையியலாளர் இருந்தார். கிரகணம் சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் இந்தப் புழுக்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். இலங்கையின் நிலவாழ் தட்டைப்புழுக்களின் உடலமைப்பைப் பற்றிய அவரது நீண்ட கட்டுரை 1874இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. உலகின் பெரிய ஆய்விதழ் ஒன்றில் இடம்பிடித்த அந்தப் புழுவின் உறவினம்தான் உங்கள் வீட்டுப் பின்பக்கக் கட்டைக்குக் கீழே கிடக்கிறது.

இந்த வகைத் தட்டைப்புழுக்கள் பலவற்றை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளரும். பழ ஈயால் பெயர் பெறுவதற்கு முன்பு தோமஸ் ஹன்ட் மோர்கன் பல வருடம் நன்னீர்த் தட்டைப்புழுக்களையே வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கவனித்த ஒரு விசயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மிக மெல்லிய குறுக்குத் துண்டாக வெட்டினால் சில நேரம் இரண்டு பக்கமும் தலை வந்துவிடும். துண்டு அவ்வளவு குறுகலாகும்போது ஒரு வெட்டுக்கும் மற்ற வெட்டுக்கும் இடையே வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டாம் காம்பராவுக்கும் மூன்றாம் காம்பராவுக்கும் நடுவில் மட்டும் நின்றால் கருவாடு எந்தப் பக்கம் என்று மூக்குக்குத் தெரியாது, அதே மாதிரி. 2008இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் நன்னீர்த் தட்டைப்புழுவில் பீற்றா கற்றெனினை அடக்கிப் பார்த்தன. வாலை வெட்டிய இடத்தில் தலை முளைத்தது. அந்தப் புழுவில் வின்ட் மிகுந்தால் வால், குறைந்தால் தலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ஐதராவில் வின்ட் மிகுந்த முனையில் வாய் இருக்கிறது, நாம் "தலை" என்று படம் கீறி அம்புக்குறி போடும் முனை அது. தட்டைப்புழுவிலும் தவளையிலும் எலியிலும் நம்மிலும் வின்ட் மிகுந்த முனை வால்பக்கம். அப்படியானால் ஐதராவின் "தலை" நம்முடைய வாலுக்கா ஒத்தது? ஐதராவின் உறவான கடல் அனிமோனி ஒன்றின் குடம்பியை ஆராய்ந்தவர்கள் வேறு பக்கத்திலிருந்தும் இதே விடைக்கு வந்தார்கள். அந்தக் குடம்பி, வாய்க்கு எதிரான முனையை முன்னுக்கு வைத்தே நீந்துகிறது. நமது மூளை உருவாகும் பகுதியில் இயங்கும் பரம்பரையலகுகளின் ஒத்த வடிவங்கள் அங்கே அந்த முனையில்தான் இயங்குகின்றன. கடற்பஞ்சின் குடம்பியில் 2007இல் பார்த்தபோது, நீந்தும்போது பின்னால் இருக்கும் முனையில் வின்ட் இருந்தது. வாய் எங்கே இருக்கிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறியிருக்கிறது. வின்ட் காட்டும் அந்தக் கோடு அதைவிடப் பழையது. தலை என்ற உறுப்பு வருமுன்னரே முன் பின் என்ற வேறுபாடு வந்துவிட்டது.

முதுகும் வயிறும் வேறு புரதங்களின் வேலை. 1822இல் பாரிஸில் எத்தியேன் ஜெஃப்ருவா செந்திலேர் ஒரு சிங்க இறாலை மல்லாக்கப் போட்டுப் பார்த்தார். அதன் நரம்புவடம் மேலே வந்தது, உணவுக்கால்வாய் கீழே போனது, நம் உடல் அடுக்கு மாதிரியே. அட்டைக்கும் மண்புழுவுக்கும் கரப்பானுக்கும் நரம்புவடம் வயிற்றுப்புறம். நமக்கு முதுகுப்புறம். அவர்கள் புரண்டால் நாம், நாம் புரண்டால் அவர்கள் என்றார் அவர். அந்தக் காலத்தில் அதை ஏற்றவர்கள் குறைவு. 1990களில்தான் விடை வந்தது. பி.எம்.பி. என்ற புரதமும், அதைக் கலங்களுக்கு வெளியிலேயே பிடித்துக்கொண்டு வாங்கியிடம் போகவிடாமல் தடுக்கும் கோர்டின் என்ற புரதமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. தவளையில் கோர்டின் முதுகுப்பக்கம். ஈயில் அதன் ஒத்த புரதம் வயிற்றுப்பக்கம். இரண்டிலும், பி.எம்.பி. தடுக்கப்பட்ட பக்கத்தில்தான் நரம்புத்தொகுதி உருவாகிறது. முதுகுநாணிகளின் நெருங்கிய உறவான அரைமுதுகுநாணிகளில் இந்த ஒழுங்கு ஈயைப் போலவே இருக்கிறது. ஆகவே, புரண்டது நம் வழிமரபு. உங்கள் காலில் ஏறும் அட்டை பழைய ஒழுங்கில் நிமிர்ந்து நிற்கிறது.

இந்த வகைப் புரதங்கள் எவ்வளவு பழையவை என்பதைப் புனேயில் பார்த்தார்கள். அங்குள்ள அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுரேந்திர காஸ்கட்பியின் குழு ஐதராவை ஆராய்ந்து வந்தது. பி.எம்.பி.யைத் தடுக்கும் இன்னொரு புரதமான நொகினின் பரம்பரையலகை ஐதராவிலிருந்து பிரித்தெடுத்து, யப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து தவளை முளையத்தில் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். முதுகும் வயிறும் இல்லாத ஐதராவின் புரதம், முதுகும் வயிறும் உள்ள தவளையில் வேலை செய்தது. புதிதாகப் பொருள் ஒன்றும் செய்யாமல், ஏற்கெனவே கையில் இருந்ததை வேறு இடத்தில் வைத்தே ஆதி விலங்குகள் புதிய உடல்களைக் கட்டின என்று நான் இதை வாசிக்கிறேன்.

தேயிலைக்கும் மேல் கீழ் உண்டு. தவறணையில் நடும் ஒற்றை இலைத் துண்டைத் தலைகீழாகக் குத்திப் பாருங்கள், அம்மாமார் உடனே பிடுங்கித் திருப்பி நடுவார்கள். ஆனால் அதில் வின்ட் இல்லை. தாவரங்கள் பலகல உடலை விலங்குகளோடு சேராமல் தனியாகக் கண்டுபிடித்தன, அங்கே முக்கியமான செய்தி ஒட்சின். வின்ட் விலங்குகளின் சொத்து.

இதெல்லாம் எப்போது நடந்தது என்பதற்கான சுவடுகளை நம் மலைகளில் தேடாதீர்கள். நமுனுகுலையும் அதைச் சுற்றிய மலைகளும் சுமார் 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. அந்த வெப்பத்தில் எந்தச் சுவடும் தங்காது. ஏறக்குறைய அதே காலத்தில், இன்று தென் அவுஸ்திரேலியாவாக இருக்கும் இடத்தின் கடலடி மணலில், அரிசி மணி அளவான ஓர் உயிரி ஊர்ந்து போனது. 2020இல் அதற்கு இகாரியா என்று பெயர் வைத்தார்கள். அதன் உடலில் ஒரு முனை மற்றதைவிடப் பெரியது, அது ஊர்ந்த தடத்திலேயே முன் பின் தெரிகிறது. கல்லில் இல்லாத மீதிச் சான்று முழுக்க உயிரோடு இருக்கும் விலங்குகளுக்குள் இருக்கிறது. நம்மிடம் பாறைச் சுவடு இல்லை, அட்டையும் புழுவும் குளத்துப் பாசியில் தொங்கும் ஐதராவும் இருக்கின்றன.

ஒரு விசயத்தை உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். விடைத்தாளில் "தாழ்ந்த விலங்குகள்" என்று எழுதாதீர்கள். கூர்ப்பை ஏணியாகக் கீறாதீர்கள். எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1881 நவம்பரில் இலங்கைக்கு வந்தார், வெலிகமையில் கடல் உயிரிகளை ஆராய்ந்தார், ஓட்டன் சமவெளியில் உலக முடிவு வரை ஏறினார். ஒஹியாவில் இறங்கி அங்கே நடந்து போயிருக்கும் உங்களுக்கு அந்த விளிம்பு தெரியும். எல்லா விலங்குகளும் இரண்டு படை கொண்ட ஒரு கிண்ண உடலிலிருந்து வந்தவை என்று 1870களிலேயே அவர் சொன்னார். இன்று நாம் பேசும் கேள்வியின் தொடக்கத்தில் அவருக்கும் இடம் உண்டு. அதே மனிதர் விலங்குகளை மேல் கீழாக அடுக்கியது போதாமல் மனித இனங்களையும் மேல் கீழாக அடுக்கி எழுதினார். அந்த அடுக்கில் நம் பாட்டன் பாட்டிக்கு எந்தப் படி கிடைத்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐதரா நமது மூதாதை இல்லை, நமக்கு ஒன்றுவிட்ட உறவு. நம் வழிமரபு எத்தனை கோடி ஆண்டு வாழ்ந்ததோ அதன் வழிமரபும் அத்தனை கோடி ஆண்டு வாழ்ந்திருக்கிறது. புரண்டவர்கள் நாம் என்று ஈயையும் அரைமுதுகுநாணிகளையும் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த ஏணியைக் கீறுவது பிழை, உயிரியலிலேயே பிழை.

நுணுக்குக்காட்டி இல்லாத பாடசாலைகளில் இருந்து வருகிறீர்கள், அது எனக்குத் தெரியும். நானும் அப்படியொன்றில்தான் படித்தேன். ஐதராவின் படத்தைப் பார்த்தே மூன்று தடவை பரீட்சை எழுதினேன், உயிரோடு பார்த்தது பல்கலைக்கழகத்தில். நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். அசையாத நீரில் வளரும் பாசியையும் நீர்ச்செடியையும் ஒரு போத்தலில் அள்ளி, வெயில் படாமல் ஒரு நாள் வையுங்கள். கண்ணாடிச் சுவரில் அரை அங்குலத்துக்கும் குறைவான நூல் தொங்கி, நுனியில் மெல்லிய கொம்புகளை விரித்தால் அது ஐதராவாக இருக்கலாம். கைவில்லை போதும். தட்டைப்புழுவைக் கண்டால் குச்சியால் மட்டும் தொடுங்கள். சில வகைகளின் உடலில் பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு உண்டு, ஆகவே கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இனி, கிளாசில் அட்டையோடு வந்த பிள்ளைக்கு.

மகளே, நம் மலை அட்டையில் இதை முழுதாகப் பார்த்தவர்களைப் பற்றி நான் வாசித்ததில்லை. அதன் நன்னீர் உறவான ஹெலொப்டெல்லாவில் பல பத்தாண்டுகளாகப் பார்த்திருக்கிறார்கள். கலம் பிரியும் முன்பே அந்த முட்டைக்குள் ஒரு தெளிந்த குழம்பு இரண்டு முனைகளிலும் போய்ச் சேர்கிறது, தாய் வைத்துவிட்டுப் போனது அது. முட்டை இரண்டாகி, நான்காகப் பிரியும்போது அந்தக் குழம்பின் பெரும்பங்கு ஒரே ஒரு கலத்துக்குப் போகிறது. அந்தக் கலத்தின் வாரிசுகளில் இருந்து 5 சோடிப் பெரிய கலங்கள் வருகின்றன. அவை ஒவ்வொன்றும், நூல் நூற்கிற மாதிரி, சின்னக் கலங்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பெற்று வரிசையாக விடுகின்றன. முதலில் பிறந்தவை உடலின் முன்வளையங்களாகின்றன, பிந்திப் பிறந்தவை பின்வளையங்கள். தலையின் நுனியை வேறு கலங்களின் வாரிசுகள் கட்டுகின்றன. நீ கிளாசில் பார்த்தாயே, காற்றைத் துழாவிய முனை, அதன் வளையங்கள் முதலில் பிறந்தவை. ஊன்றி நின்ற பெரிய உறிஞ்சியின் வளையங்கள் கடைசியில் பிறந்தவை.

அடுத்த மழைக்கு இன்னொன்று ஏறும். உப்போ சவர்க்காரமோ போடும் முன் கொஞ்சம் பொறுத்து, அது ஊன்றி எழும்பி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார். நீ இருக்கும் பக்கத்தை அது அறிய உன் மூச்சு போதும். பார்த்ததைத் திகதியோடு எழுதிக்கொண்டு வா, இந்த முறை மணி அடித்தாலும் நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் டீச்சர்,
பதுளை